புரட்டாசியில் அளக்க வேண்டிய கொட்டகை

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, காவேரிப்பட்டணத்துக்கு அருகே உள்ள எங்கள் மாந்தோப்பின் ஓரத்தில், பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் கொண்ட ஒரு கோழிக் கொட்டகையைக் கட்டினோம். ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி என்று எல்லோரும் சொல்லுகிற கணக்கை எடுத்துக்கொண்டு, 120 சதுர அடியை இரண்டால் வகுத்து, அறுபது கோழிக்கு இடம் இருக்கிறது என்று நோட்டில் எழுதியவள் நான்தான். வாங்கியவை 24 பெட்டைகளும் மூன்று சேவல்களும் மட்டுமே என்பதால், பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கப்போகும் கொட்டகைக்கு எதற்கு இத்தனை செலவு என்று வீட்டில் கேட்டார்கள். அந்த ஆண்டு புரட்டாசி கழிவதற்குள், அதே கொட்டகையில் இடநெருக்கடியும் ஈரமும் சேர்ந்துகொண்டதால் பதினோரு இளங்கோழிகளைத் தோப்பின் மூலையில் புதைத்தேன்.

கணக்கில் வகுத்தல் பிழை ஏதும் இல்லை. கணக்கில் எடுக்க வேண்டிய எண்ணைத்தான் நான் தவறாக எடுத்திருந்தேன். அந்த இரண்டு சதுர அடி எங்கிருந்து வருகிறது, அது எந்தக் கோழிக்கு, எந்த நேரத்துக்குப் பொருந்துகிறது என்பதைப் பட்டபின்புதான் உட்கார்ந்து பார்த்தேன். இதே கணக்கோடு தொடங்க இருப்பவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்குப் பயன்படட்டும் என்று அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஊருக்கு ஊர் வேறுபடும் அந்த எண். கறிக்கோழிப் பண்ணைகளில் ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி என்று கட்டுகிறார்கள். ஆறு வாரத்தில் லாரி ஏறிவிடும் கோழிக்கு அது ஒருவாறு போதும். நம் மாநில அரசு 250 நாட்டுக்கோழிகள் கொண்ட சிறு பண்ணைகளுக்கு மானியம் வழங்கும் திட்டத்தில், பயனாளியிடம் குறைந்தது 625 சதுர அடி இடம் இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அது ஒரு கோழிக்கு இரண்டரை சதுர அடி ஆகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999ஆம் ஆண்டு விதியின்படி, கூண்டில்லாமல் முட்டைக்கோழி வளர்ப்பவர்கள் ஒரு சதுர மீட்டருக்கு ஒன்பது கோழிகளுக்கு மேல் விடக்கூடாது. நம் அளவில் ஒரு கோழிக்கு ஏறக்குறைய 1.2 சதுர அடி. அதே விதி, கூண்டில் வளர்த்தால் ஒரு கோழிக்கு 750 சதுர சென்டிமீட்டர் என்கிறது. ஒரு சதுர அடி என்பது 929 சதுர சென்டிமீட்டர் என்பதால், கூண்டுக் கோழிக்கு ஒரு முழுச் சதுர அடிகூடக் கிடைப்பதில்லை. இவற்றில் எது சரி என்று வாதிடுவதில் பொருளில்லை, ஏனென்றால் ஒரே வயதுடைய, ஒரே நாளில் வந்து ஒரே நாளில் போகிற கோழிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை இவற்றில் பெரும்பாலானவை. நம் வீட்டுக் கோழிகளோ பாட்டி, தாய், பேத்தி என்று ஒரே கொட்டகையில் குடும்பம் நடத்துகின்றன.

வயதுக்கேற்ற அளவைப் பொறுத்தவரை நான் பின்பற்றுவது இதுதான்: பிறந்ததிலிருந்து நான்கு வாரம் வரை ஒரு குஞ்சுக்கு அரை சதுர அடி, எட்டு வாரம் வரை ஒரு சதுர அடி, அதற்குமேல் போனால் பெரிய கோழியாகவே கருதி இரண்டு சதுர அடி. மூன்று மாதக் கோழிக்கு ஒன்றரை போதும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மூன்று மாதத்துச் சேவல்கள் கழுத்தைச் சிலுப்பிக்கொண்டு ஒன்றையொன்று முறைத்து நிற்கும் வயது அது என்பதால், அவற்றுக்கு ஒதுங்கிப் போக இடம் வேண்டும் என்பதே என் அனுபவம்.

இனி என் நோட்டில் இல்லாமல் போன எண்ணுக்கு வருகிறேன். நாட்டுக்கோழி ஒரு ஈற்றுக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து முட்டை வரை இட்டு, அடையில் உட்கார்ந்து, எட்டுப் பத்துக் குஞ்சுகளை இறக்குகிறது. சித்திரையில் எங்களிடம் ஆறு கோழிகள் முன்பின்னாக அடைக்கு உட்கார்ந்து ஐம்பது குஞ்சுகளை இறக்கியதில், பருந்துக்கும் கீரிக்கும் கொடுத்தது போக நாற்பது மிஞ்சின. ஆடியில் மறுபடியும் நான்கு கோழிகள் குஞ்சு பொரித்து, அவற்றில் முப்பது தேறின. சித்திரைக் குஞ்சுகள் ஆடிப் பண்டிகை வரும்போது மூன்று மாதக் கோழிகளாக இருந்தன. வேண்டுதல் கோழி கேட்டு வந்தவர்கள் தூக்கிப் பார்த்துவிட்டு, எடை போதாது என்று கீழே வைத்துவிட்டுப் போனார்கள். நாட்டுக்கோழி ஒரு கிலோவைத் தாண்டி விலைக்கு நிற்க நான்கு முதல் ஐந்து மாதம் ஆகும். ஆக, அவை சரியாக விற்பனைக்குத் தயாரான நேரம் ஆவணியின் கடைசி வாரம். அதற்கடுத்த வாரம் புரட்டாசி பிறந்தது.

இந்தப் பக்கத்து ஊர்களில் புரட்டாசி என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. தமிழ் பேசும் வீடானாலும் தெலுங்கோ கன்னடமோ பேசும் வீடானாலும், மாதம் முழுவதும் இல்லாவிட்டால் சனிக்கிழமைகளிலாவது கவிச்சி இல்லை என்று இருக்கிற குடும்பங்கள் ஏராளம். சந்தையில் கோழி விலை இறங்குகிறது, வீடு தேடி வரும் கோழி வியாபாரியின் வண்டிச் சத்தம் நின்றுவிடுகிறது. இறங்கிய விலைக்குக் கொடுக்க மனமில்லாமல், தீபாவளிக்கு நல்ல விலை வரும் என்று எல்லோரையும் போல நானும் நிறுத்தி வைத்தேன். அதன் விளைவாக, தாய்க்கோழிகளும் சேவல்களுமாக 27, சித்திரை ஈற்றில் வந்தவை 40, ஆடி ஈற்றில் வந்தவை 30, ஆக மொத்தம் 97 உருப்படிகள் அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு கொட்டகைக்குள் இரவில் அடைந்தன. பெரியவை 67க்கு 134 சதுர அடியும், இரண்டு மாதம் நிறைந்துகொண்டிருந்த முப்பதுக்கு 30 சதுர அடியும் என்று 164 சதுர அடி தேவைப்பட்ட இடத்தில் 120தான் இருந்தது.

இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தென்மேற்குப் பருவத்தின் பின்பகுதி மழையும் வடகிழக்குப் பருவத்தின் தொடக்கமும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அடுத்தடுத்து வருவதால், ஆண்டின் பெருமழை அப்போதுதான் பெய்கிறது. கோழிகள் விற்காமல் தேங்கி எண்ணிக்கை உச்சத்தில் நிற்கும் மாதமும், சாரலடித்துத் தரை ஈரமாகும் மாதமும், வெளியே மேயவிட முடியாமல் பகலிலும் அடைத்து வைக்கும் மாதமும் ஒன்றாகிப் போகின்றன. ஆகவே நம் ஊரில் கொட்டகைக்கு அளவெடுக்க வேண்டியது புரட்டாசி மாதத்துக்காகத்தான். தை மாதத்தில் கோழிகளை எண்ணிக் கட்டினால் அது தை மாதத்துக்கு மட்டுமே போதும்.

இடம் போதவில்லை என்பதைக் கோழிகள் முன்கூட்டியே சொல்லின, எனக்குத்தான் புரியவில்லை. மாலையில் எல்லாம் உள்ளே ஏறி அடைந்த பிறகும் ஏழெட்டு இளங்கோழிகள் வாசலிலேயே சுற்றிக்கொண்டு நின்றன. இரண்டு, முட்டையிடும் பெட்டிக்குள்ளேயே படுத்து எச்சமிட்டு அதை அசுத்தமாக்கின. சிலவற்றின் வால்புறத்தில் இறகு கொத்தப்பட்டுச் சிவந்த தோல் தெரிந்தது. விடியற்காலையில் கதவைத் திறந்தால், கண்ணில் நீர் வருமளவுக்கு அமோனியா நெடி அடித்தது. அந்த நெடியை நான் கோழிக் கொட்டகை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டது பெரிய பிழை. தரையில் பரப்பி நன்றாகப் பராமரிக்கப்படும் கூளத்தில் மண்வாசனைதான் இருக்கும், கண் எரியாது. பிறகு இளங்கோழிகள் சிறகைத் தொங்கப்போட்டுக் குறுகி நின்றன, எச்சத்தில் இரத்தம் கலந்து வந்தது. கால்நடை மருத்துவர் எச்சத்தைப் பார்த்ததுமே இரத்தக்கழிச்சல் என்று சொல்லி, தண்ணீரில் கலந்து கொடுக்க ஆம்ப்ரோலியம் எழுதித் தந்தார். அந்த நோயை உண்டாக்கும் காக்சிடியாக் கிருமி எச்சத்தின் வழியாக வெளியே வந்து, ஈரமும் சூடும் உள்ள கூளத்தில் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு முற்றி, மறுபடி கோழியின் வாய்க்குள் போகிறது. கூட்டம் அதிகமானால் எச்சமும் ஈரமும் அதிகமாகி அந்தச் சுற்று வேகமெடுக்கிறது. மருந்து வேலை செய்தது. ஆனால் அதற்கு முன்பே பதினொன்று போய்விட்டன.

அப்போதுதான் என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுபவர், திண்ணையில் உட்கார்ந்தபடியே, “புளியமரத்துல ஏறி அடைஞ்ச கோழிக்கு யாரும்மா இடம் அளந்து குடுத்தாங்க?” என்று கேட்டார். குத்தலாகத்தான் கேட்டார். அவர் காலத்தில் பத்துப் பதினைந்து கோழிகள் மரத்தில் அடைந்தன என்பதும், மாதத்துக்கு ஒன்றையாவது காட்டுப்பூனை தூக்கிப் போனது என்பதும் அவரே பலமுறை சொன்ன கதைகள். இருந்தாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மரத்தில் கோழிக்குத் தரை என்ற ஒன்றே கிடையாது, கிளையின் நீளம்தான் இருக்கிறது. இரவில் கோழிக்கு வேண்டியதும் அதுதான் என்று அதற்குப் பிறகே கொட்டகைக்குள் கோழிகள் ஏறி அடையும் கம்புகளை அளக்கத் தொடங்கினேன்.

வளர்ந்த கோழி ஒன்றுக்குக் கம்பில் எட்டு அங்குல நீளம் வேண்டும். 67 கோழிகளுக்கு 536 அங்குலம், அதாவது ஏறக்குறைய 45 அடி. என் கொட்டகையில் இருந்தவை பன்னிரண்டடிக் கம்புகள் இரண்டு, 24 அடி. முப்பத்தாறு கோழிகள் ஏறிக்கொண்டால் மற்றவை தரையில் படுத்தாக வேண்டும், அதுவும் மேலே இருப்பவற்றின் எச்சம் விழும் இடத்திலேயே. வலுவில் குறைந்த இளங்கோழிகள்தான் கீழே படுத்தன. நோய் முதலில் அவற்றைப் பிடித்ததில் வியப்பில்லை. தரைக் கணக்கை மட்டும் பார்த்தால் 164க்கு 120 இருக்கிறதே, முக்கால் பங்கு இடம் கிடைக்கிறதே என்று தோன்றும். கம்புக் கணக்கில் பாதிதான் இருந்தது. முதலில் தீர்ந்துபோனது கம்பு என்பதால் நெருக்கடி அங்கிருந்தே தொடங்கியது.

கம்புகளை எப்படி அடுக்குவது என்பதிலும் ஒரு தவறு செய்து திருத்திக்கொண்டேன். இடத்தை மிச்சம் பிடிக்க ஏணிப்படி போல ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டியபோது, மேல்படிக்காக ஒவ்வொரு மாலையும் சண்டை நடந்தது. எது உயரமோ அதுதான் வேண்டும் என்பது கோழியின் இயல்பு. இப்போது நான்கு கம்புகளும் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், ஒன்றுக்கொன்று ஒன்றேகால் அடி இடைவெளியில், ஒரே மட்டத்தில் இருக்கின்றன. மூங்கில் வழுக்குகிறது என்பதால், விளிம்பு மழுக்கிய இரண்டு அங்குலச் சட்டத்தைப் போட்டிருக்கிறோம். நான்கும் சேர்ந்து 48 அடி. இவற்றுக்குக் கீழே உள்ள பகுதியில் மட்டும் எச்சம் குவிவதால், அங்கே பழைய தகரப் பலகைகளைப் போட்டு வாரம் இருமுறை வழித்தெடுக்கிறேன். இரவு எச்சம் கூளத்தில் சேராமல் போனதே பாதி ஈரத்தைக் குறைத்துவிட்டது.

கூளத்தைப் பற்றியும் இடக்கணக்கோடு சேர்த்தே சொல்ல வேண்டும். கோழி தின்கிற தீவனத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கிறது, வெயிலில் அதற்கும் மேலே. அந்த நீரில் பெரும்பகுதி எச்சமாகவும் மூச்சாகவும் கொட்டகைக்குள்ளேயே வெளிவருகிறது. இரண்டு சதுர அடி என்ற கணக்கு, கோழி நிற்கவும் திரும்பவும் தேவையான இடத்தைவிட, அந்தக் கோழி விடும் ஈரத்தை உறிஞ்சிக் காயவைக்கத் தேவையான கூளப் பரப்பு என்று எடுத்துக்கொண்டால் எனக்கு நன்றாகப் பொருந்துகிறது. நிலக்கடலைத் தோலை நான்கு அங்குலத்துக்குப் பரப்பி, வாரம் இரண்டு முறையாவது கிளறிவிடுகிறோம். ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறந்தால் அது உதிர்ந்து விழ வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் மிகுந்துவிட்டது, அந்த இடத்துக் கூளத்தை அன்றே மாற்ற வேண்டும். புரட்டாசியில் இந்தச் சோதனையைத் தினமும் செய்கிறேன்.

பகலில் மேயும் இடத்துக்குக் கணக்கு வேறு. வேலி போட்டு மறித்த திறந்தவெளி என்றால் கோழிக்குப் பத்துச் சதுர அடி என்று சொல்கிறார்கள்; அந்தக் கணக்கில் ஒரு சென்ட்டுக்கு, அதாவது 435 சதுர அடிக்கு, 43 கோழிகள் விடலாம். அப்படி விட்டுப் பார்த்தால் இரண்டு மாதத்தில் அந்த ஒரு சென்ட்டில் புல் என்ற பெயரே இருக்காது, களத்துமேடு போல வழவழவென்று ஆகிவிடும். ஐரோப்பிய விதியில் திறந்தவெளிக் கோழி என்று பெயர் சொல்லி முட்டை விற்க வேண்டுமானால் ஒரு கோழிக்கு நான்கு சதுர மீட்டர் மேய்ச்சல் நிலம் வேண்டும். அது 43 சதுர அடி என்பதால் சென்ட்டுக்குப் பத்துக் கோழி என்று நினைவில் வைத்துக்கொள்வது எளிது. எங்கள் தோப்பு அரை ஏக்கர். காகிதத்தில் ஐந்நூறு கோழிக்கு இடம் இருக்கிறது.

ஆனால் கோழிகள் காகிதத்தைப் பார்த்து மேய்வதில்லை. மரநிழலும் புதரும் இருக்கிற வரைக்கும்தான் அவை போகின்றன. பருந்து வட்டமிடும் வெட்டவெளியைத் தாண்ட எந்தத் தாய்க்கோழியும் துணிவதில்லை. எங்கள் மாமரங்கள் முப்பதடி இடைவெளியில் நட்டவை என்பதால் கொட்டகையை ஒட்டிய முதல் மூன்று வரிசைகளில் கிளைகள் ஒன்றோடொன்று கூடி நிழல் தொடர்கிறது, அதற்கப்பால் இளமரங்கள். கோழிகள் அந்த மூன்று வரிசையைத்தான் கிளறித் தள்ளியிருக்கின்றன, மற்ற பாதியில் புல் அப்படியே நிற்கிறது. ஆகவே மேய்ச்சல் நிலத்தை அளப்பவர்கள் பத்திரத்தில் உள்ள சென்ட்டை விட்டுவிட்டு, நண்பகலில் நிழல் விழும் சென்ட்டை அளந்தால் உண்மைக்கு அருகில் இருக்கும். நிழலில்லாத பக்கத்தில் நாங்கள் அகத்தியும் முருங்கையும் நட்டபிறகு மெல்ல அங்கேயும் எட்டிப் பார்க்கின்றன.

தோப்பு இருக்கிறதே, இரவுக்கு மட்டும் கொட்டகை போதுமே என்று நினைப்பதிலும் ஆபத்து உண்டு. தை, மாசியில் மாம்பூ எடுக்கும்போது தத்துப்பூச்சிக்கு மருந்தடிக்காத தோப்பு இந்த வட்டாரத்தில் அரிது. நாம் அடிக்காவிட்டாலும் பக்கத்துத் தோப்பில் அடிப்பார்கள், மருந்து பட்டு விழுந்த பூச்சியைக் கோழி பொறுக்கித் தின்னும். அந்த நாட்களில் நான்கைந்து நாள் அடைத்து வைத்தே ஆக வேண்டும். ஆடி, ஆவணியில் பக்கத்துக் கொல்லையில் நிலக்கடலையோ ராகியோ விதைத்தால் முளைத்து மண்ணைப் பிடிக்கும் வரை அடைக்க வேண்டும், இல்லையென்றால் விதையோடு சேர்த்து உறவும் போகும். முதல் ஆண்டில் ஒரு பக்கத்து நிலத்துக்காரரிடம் நான் வாங்கிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. அவர் சொன்னதில் தவறும் இல்லை. இப்படி ஆண்டில் முப்பது நாற்பது நாட்கள் இரவுக் கொட்டகையே பகல் கொட்டகையாகவும் ஆகிவிடுகிறது. அடைபட்ட கோழி சலிப்பில் ஒன்றையொன்று கொத்தும் என்பதால், அந்த நாட்களில் கீரைக் கட்டை உயரத்தில் தொங்கவிட்டு அவற்றுக்கு வேலை கொடுக்கிறேன்.

மற்றவை சுருக்கமாக. முட்டையிடும் பெட்டி ஐந்து பெட்டைக்கு ஒன்று, நீளம், அகலம், உயரம் மூன்றும் ஓரடி இருந்தால் போதும். அதைத் தரையிலிருந்து ஒன்றரையடி உயர்த்தி வைத்தால் கீழே உள்ள இடம் வீணாகாது. தீவனத் தொட்டியில் பெரிய கோழிக்கு நான்கு அங்குலம் என்று கணக்கிட்டால் 67க்கு 22 அடி ஆகும், இருபுறமும் நின்று தின்னும் ஆறடித் தொட்டிகள் இரண்டு இருந்தால் தேவை தீர்ந்தது. குஞ்சோடு இருக்கும் தாய்க்கோழிக்குத் தடுப்புப் போட்ட தனி இடம் வேண்டும், மற்ற பெட்டைகள் பிறர் குஞ்சைக் கொத்தும். பகலில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து அதையும் சமாளிக்கலாம், இரவில் முடியாது.

தரையும் கம்பும் போக, காற்றுக்கும் கணக்கு உண்டு. இதை ஓசூர்க்காரர்களைவிட நாங்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். ஓசூர் மேட்டுநிலத்தில் சித்திரை வெயில் பொறுக்கும்படி இருக்கும், காவேரிப்பட்டணமும் தர்மபுரியும் அப்படியில்லை. கோழிக்கு வியர்வை இல்லை, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. நெருக்கமாக நின்றால் பக்கத்துக் கோழியின் சூடும் சேர்கிறது. கொட்டகையின் நீளவாட்டத்தைக் கிழக்கு மேற்காக வைத்து, ஒன்றரையடிக் கருங்கல் பலகைச் சுவருக்கு மேலே முழுவதும் கம்பிவலை விட்டு, கூரையை மூன்றடி வெளியே இறக்கினால் வெயிலும் சாரலும் நேரே உள்ளே விழாது. அப்படியிருந்தும் சித்திரையில் அதே 120 சதுர அடியில் நாற்பதுக்கு மேல் பெரிய கோழிகளை வைக்க எனக்குத் துணிவில்லை.

அடுத்த ஆண்டு மேற்குப் பக்கம் சுவரை இடித்து, எட்டடியைச் சேர்த்துக் கட்டினோம். பன்னிரண்டடிப் பக்கம் நெடுக எட்டடி நீட்டியதால் 96 சதுர அடி கூடி, மொத்தம் 216 ஆயிற்று. புரட்டாசித் தேவை 164, ஆடிக் குஞ்சுகள் தீபாவளிக்குள் மூன்று மாதக் கோழிகளானால் 194, மீதி எனக்கு நடந்து போகவும் தண்ணீர்த் தொட்டி வைக்கவும் சரியாக இருக்கிறது. இடையே கம்பிவலைத் தட்டி ஒன்று வைத்திருப்பதால், ஆடி ஈற்றுக் குஞ்சுகள் ஒருபுறமும் பெரியவை மறுபுறமும் அடைகின்றன. ஆவணியின் முதல் வாரத்தில், எந்த விலைக்கானாலும், அப்போது எடை நிற்கிற சேவல்களில் பத்தையாவது விற்றுவிடுவது என்றும் முடிவு செய்துகொண்டேன். தீபாவளிக்குக் கிடைக்கும் கூடுதல் விலை, ஒரு மாதத் தீவனத்துக்கும் நெருக்கடிக்கும் ஈடாகவில்லை.

ஆண்டின் பாதி நாட்கள் அந்தப் புதிய எட்டடி காலியாகத்தான் இருக்கிறது. பங்குனியில் புளி உலுக்கியதும் காயை அங்கே கொட்டி வைக்கலாம் என்று அத்தை கேட்டார். கோழி எச்சம் பட்ட தரை என்று மறுத்துவிட்டேன். இப்போது கூளத்துக்கான கடலைத்தோல் மூட்டைகள் அங்கே அடுக்கியிருக்கின்றன. ஆடி பதினெட்டு கழிந்ததும் அவற்றை வெளியே எடுத்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, தட்டியை நிறுத்த வேண்டும்.